ஒரே ஆர்கனில் இருவர்

மதிப்பிற்குரிய தலைவர் மாணிக்கவாசகம் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியவர்களே, கணவரை இழந்து துவண்டிருக்கும் தங்கை ஜெயா அவர்களே, காஜா பேராங் வட்டாரத்து மக்களே!

இந்த ஒலிபெருக்கி முன்னால் நான் பாடித்தான் பழக்கம். இன்று இந்த இரங்கல் கூட்டத்தில் என்ன பேசுவது? செவ்வாய்க்கிழமை மாலை ஒத்திகைக்கு எல்லோரும் வந்துவிட்டோம். நம் ஆர்கன் கலைஞர் கருணாகரன் மட்டும் வரவில்லை. செங் சாலையில் அவருடைய சைக்கிளை லாரி மோதிவிட்டது என்ற செய்திதான் வந்தது. முப்பத்தாறு வயது! சாகிற வயதா இது? நான் இன்னும் நம்பவில்லை, ஐயா. நம்ப முடியவில்லை!

நம் இசைக்குழுவின் மின்சார ஆர்கனை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மேலே ஒரு வரிசைக் கட்டை, கீழே ஒரு வரிசைக் கட்டை. அவற்றுக்கு மேல், இழுக்கவும் தள்ளவும் சின்னச் சின்னப் பிடிகள். ஒரு பிடியை இழுத்தால் ஓர் ஒலி. கூடவே இன்னொன்றை இழுத்தால் இரண்டும் கலந்து புதிதாக ஒன்று கேட்கும். எதை எவ்வளவு இழுப்பது என்பது இசைமணி கருணாகரனுக்குக் கைவந்த கலை. கீழ் வரிசையில் இடது கை சுருதியை விடாமல் பிடித்திருக்கும். மேல் வரிசையில் வலது கை புல்லாங்குழலாகும், வயலினாகும். அத்தனையும் ஒரே மனிதர்!

சென்ற ஆண்டு சுதந்திர தினத்துக்கு நாம் நடத்திய மெர்டேக்கா கச்சேரி நினைவிருக்கிறதா? நம் கிளாரினெட் கலைஞர் மருதமுத்து அண்ணன் நெஞ்சு நோயிலிருந்து எழுந்து வந்து வாசித்தார். பாட்டின் நடுவே ஊத முடியாமல் அவருக்கு மூச்சு திணறியது. விரல்கள் ஓடுகின்றன, காற்று இல்லை! பக்கத்தில் பாடிக்கொண்டிருந்த நான் பதறிவிட்டேன். கருணாகரன் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. மேல் வரிசைப் பிடிகளில் சிலவற்றை இழுத்தார், சிலவற்றைத் தள்ளினார். ஆர்கனிலிருந்து கிளாரினெட் ஒலித்தது! கீழே சுருதியும் அசையவில்லை. திடலே மருதமுத்து அண்ணனுக்குக் கைதட்டியது.

மேடைக்குப் பின்னால் அண்ணன் கொதித்துவிட்டார். “என்னைய பொம்மையா நிக்க வெச்சிட்டியே, கருணா! இனிமே நான் எதுக்கு?”

கருணாகரன் என்ன சொன்னார் தெரியுமா? “நாளைக்கு வந்து எம்பக்கத்துல உக்காருங்கண்ணே. மேல் வரிசை உங்களுக்கு, கீழ் வரிசை எனக்கு. ஊத வேணாம். விரல் இருக்குல்ல, அது போதும்.”

அண்ணன் உடனே வந்துவிடவில்லை. கருணாகரன் விடவுமில்லை, தினமும் வீட்டு வாசலில் போய் நின்றார். பிறகு ஒரே பெஞ்சில் இருவரும் உட்கார்ந்து, ஒரே ஆர்கனைப் பங்கு போட்டு வாசித்ததை நீங்களே கேட்டீர்கள். இதை இங்கே சொல்லலாமா என்று அண்ணனிடம் கேட்டேன். “சொல்லு, காதர். எல்லாரும் தெரிஞ்சிக்கட்டும்” என்றார். அதோ, முன்வரிசையில் தலைகுனிந்து இருக்கிறார்.

நேற்று தங்கை ஜெயா என்னிடம், “காதர் அண்ணே, இந்த வருஷ மெர்டேக்கா கச்சேரிய நிப்பாட்டிறாதீங்க. அவரு கோவிச்சுக்குவாரு” என்றார். கோபித்துக்கொள்வாராம்! இன்னும் வீட்டில் இருப்பவரைச் சொல்வதுபோல் சொன்னார்.

தங்கைக்கு என் பதிலை இந்தச் சபையில் சொல்கிறேன். வரும் முப்பத்தொன்றாம் தேதி மெர்டேக்கா கச்சேரியில், மேல் வரிசையில் மருதமுத்து அண்ணன் உட்காருவார். கீழ் வரிசைக்கு யார்? கருணாகரனைப் போல வாசிக்க நம்மிடம் யாருமில்லை. எனக்கு ஆர்கன் தெரியாது. ஆனால் சுருதிக் கட்டையை விடாமல் அழுத்திக்கொண்டு பாட என்னால் முடியும். அண்ணன் பக்கத்தில் நான் உட்காருவேன். தவறினால் பொறுத்துக்கொள்ளுங்கள். கச்சேரி நடக்கும். நடத்துவோம், கருணாகரா, நடத்துவோம்!