வீட்டுல ஒத்துக்கல

— அப்ப உனக்கு இஷ்டமில்ல.

— நான் எப்பங்க அப்படிச் சொன்னேன்?

— அதான் மூஞ்சில எழுதி ஒட்டியிருக்கே.

— வாயில நாலு குண்டூசியைக் கவ்விக்கிட்டுத் துணி வெட்டறேன். மூஞ்சி வேற எப்படி இருக்கும்?

— அதை எடுத்து வச்சுட்டுப் பேசு. முக்கியமான விஷயம்.

— ம்... எடுத்தாச்சு. சொல்லுங்க.

— நம்ம கம்ப்யூட்டர்ல இப்ப ஓடறது குருவி.

— தெரியும்.

— கம்ப்யூட்டரை ஓட்டற லினக்ஸ்ல நூறு ரகம் இருக்கு. அதுல இது ஒரு ரகம். திறந்ததும் குருவி படம் வருதுல்ல, அதனால எங்க லினக்ஸ் குழுவுல எல்லாரும் குருவின்னு...

— ஏங்க, தினமும் அதுல தானே நான் பேட்டர்னை அச்சடிச்சு, அந்தத் தாளைத் துணி மேல வச்சு வெட்டறேன். எனக்கே குருவிப் பாடமா?

— முழுசாக் கேளு. இப்ப ஆமைன்னு ஒண்ணு வந்திருக்கு. அதுவும் லினக்ஸ் தான், அதுவும் இலவசம் தான். குருவியை எடுத்துட்டு ஆமையைப் போடலாமான்னு ஒரு யோசனை.

— போடுங்க.

— ...என்னது?

— போடுங்கன்னேன்.

— இல்ல, நல்லா யோசிச்சுச் சொல்லு. அவசரமே இல்ல.

— யோசிச்சுட்டேன்.

— எப்ப யோசிச்சே? இப்ப தானே சொல்லி வாயை மூடினேன்!

— இந்த வீட்டுல ஒரு மாசமா சாப்பிட உக்காந்தா ஆமை, படுக்கப் போனா ஆமை. வேற எதையும் யோசிக்க விட்டீங்களா என்னை?

— சரி, உன் பேட்டர்ன் எல்லாம் அதுல தானே இருக்கு? மாத்தறப்ப மொத்தமும் அழிஞ்சு போச்சுன்னா?

— காப்பி எடுத்து வச்சிருக்கேன். பென் டிரைவ்ல ஒண்ணு, மகள்கிட்ட ஒண்ணு.

— அவ எங்கயாவது தொலைச்சுடுவா.

— அவ உங்க மகள் மட்டுமில்ல, எனக்கும் மகள் தான். தொலைக்க மாட்டா.

— பிரிண்டர்? அதை மறந்துட்டியே! ஆமைக்கும் நம்ம பிரிண்டருக்கும் ஒத்துப்போகலைன்னா? போன தடவை மாத்தினப்ப அந்த ராஜா அங்கி என்ன ஆச்சு, ஞாபகம் இருக்கா?

— மறப்பேனா? பள்ளிக்கூட நாடகத்துக்குத் தச்சது. பேட்டர்ன் சுருங்கி அச்சாகியிருக்கு, அதைப் பார்க்காம நான் அவ்வளவு வெல்வெட்டையும் சரக்சரக்குன்னு வெட்டிட்டேன். ராஜாவுக்குத் தச்ச அங்கி மந்திரிக்குத் தான் பத்துச்சு.

— அதைத் தான் சொல்றேன்!

— கடைசில மந்திரியையே ராஜா ஆக்கிட்டாங்க.

— சிரிக்காதே. அன்னைக்கு நீ ஆடின ஆட்டம் என்ன! இனிமே இந்தக் கம்ப்யூட்டர் பெட்டி மேல கை வச்சா கையை வெட்டிடுவேன்னு கத்திரிக்கோலைத் தூக்கிக்கிட்டு வந்தே.

— தூக்கினேன் தான்.

— அதை இப்பச் சொல்லு.

— எதை?

— கை வைக்காதீங்கன்னு.

— அதை எதுக்குங்க நான் சொல்லணும்?

— இல்ல... மனசுல இருந்தா சொல்லிடு. நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்.

— மனசுல ஒண்ணுமே இல்லைங்க. இப்பல்லாம் தாளோட ஓரத்துல ஒரு சின்னச் சதுரம் அச்சாகுது பாருங்க, முதல்ல அதுல தான் ஸ்கேலை வைப்பேன். அளவு சரியா இருந்தா தான் கத்திரியைத் தொடுவேன். நீங்க குருவி போட்டாலும் சரி, ஆமை போட்டாலும் சரி, யானையே போட்டாலும் சரி.

— ஆமை ரொம்பக் கஷ்டம்மா.

— நேத்து அரை மணி நேர வேலைன்னீங்க?

— போடறவனுக்கு லேசு. உனக்குப் பழகறது கஷ்டம்.

— பழகிக்கறேன்.

— எல்லாம் இடம் மாறிக் கிடக்கும்.

— தேடிக்கறேன்.

— உன்கிட்ட இது தான் பிரச்சனை.

— எது?

— எதைச் சொன்னாலும் சரி சரின்னா? ஒரு மனுஷன் ஒரு முடிவு எடுக்கறான்னா, கூட இருக்கறவ நாலு கேள்வி கேக்க வேண்டாமா?

— சரி, கேக்கறேன். எப்ப மாத்தறீங்க?

— எப்பவா...

— இன்னைக்கே செஞ்சுடுங்களேன். உங்க குழுவுல குடுத்த ஆமை பென் டிரைவ் இதோ, ஊசி டப்பாவுல பத்திரமா வச்சிருக்கேன். மேஜையைக் காலி பண்ணித் தர்றேன். நானும் பக்கத்துல உக்காந்து வேடிக்கை பார்க்கறேன். இத்தனை வருஷத்துல நீங்க மாத்தி நான் ஒரு தடவை கூடப் பார்த்ததில்லையே.

— நீ பக்கத்துல இருந்தா எனக்குக் கவனம் சிதறும்.

— கல்யாணமாகி இவ்வளவு காலத்துக்கு அப்புறமா?

— கிண்டல் பண்ணாதே.

— சரி, தள்ளி உக்காந்துக்கறேன். முதல்ல என்ன செய்வீங்க?

— முதல்ல... பென் டிரைவைச் சொருகணும்.

— அப்புறம்?

— அப்புறம் ஆன் பண்ணணும்.

— ஆன் பண்ணின உடனே எஃப்-டுவெல்வ் பட்டனை அமுக்கணும்ல? இல்லைன்னா மறுபடி குருவி தானே வந்து நிக்கும்?

— ...உனக்கெப்படித் தெரியும்?

— நீங்க தான் தூக்கத்துல சொன்னீங்க.

— தூக்கத்துலயா? நான் அவ்வளவு விவரமாப் பேசறேனா?

— முழிச்சிருக்கறப்பப் பேசறதை விட விவரமா.

— ...இன்னைக்கு வேண்டாம். கண்ணெல்லாம் எரியுது.

— நாளைக்கு?

— நாளைக்குக் கரண்டு போனாலும் போகும். பாதியில போச்சுன்னா பெட்டி அவ்வளவு தான்.

— கரண்டு ஆபீஸ்ல மீட்டர் பார்த்து ரிட்டயர் ஆனவர் நீங்க. என்னைக்குப் போகாதுன்னு கேட்டுட்டு வாங்க.

— சும்மா இரு. உள்ளதைச் சொல்லணும்னா, குருவி இப்ப நல்லாத் தான் ஓடுது.

— அப்படியா?

— ஒரு வாரமாப் பார்க்கறேனே. முன்னெல்லாம் ஆன் பண்ணிட்டுப் போய்ப் பல்லு விளக்கிட்டு வரலாம். இப்பத் தொட்டதும் எந்திரிச்சு உக்காருது. சீட்டு விளையாடினா நடுவுல நிக்கறதே இல்ல. செய்தி படிச்சா எழுத்து முத்து முத்தா இருக்கு. தன்னைத் தூக்கிடப் போறாங்கன்னு அதுக்கே ரோஷம் வந்துடுச்சு போல.

— ரோஷமா... இருக்கும், இருக்கும்.

— என்ன சிரிப்பு?

— ஒண்ணுமில்ல. ஊசி குத்திடுச்சு.

— ஊசி குத்தினா யாராவது சிரிப்பாங்களா?

— அப்ப மாத்தல?

— நீ வேண்டாம்னா மாத்தல.

— நான் தான் வேண்டாம்னு சொல்லலையே!

— சொல்லேன்! ஒரே ஒரு தடவை வேண்டாம்னு சொன்னா வாய் தேஞ்சா போயிடும்?

— ...எதுக்குங்க? யாருக்காக?

— ஞாயித்துக்கிழமை...

— ஞாயித்துக்கிழமைக்கு என்ன?

— குழுக் கூட்டம். லைப்ரரி மாடில.

— அது மாசாமாசம் நடக்கறது தானே?

— இந்தத் தடவை வேற. வீட்டுப் பெட்டியைக் கொண்டு போய், எல்லார் முன்னாடியும் வச்சு, குருவியை எடுத்துட்டு ஆமையைப் போட்டுக் காட்டணும்.

— யாரு?

— ...மாஸ்டர்.

— யாரு மாஸ்டர்?

— நான் தான். அங்க என்னை அப்படித் தான் கூப்பிடறாங்க.

— உங்களைச் செய்யச் சொன்னாங்களா, நீங்களா ஒத்துக்கிட்டீங்களா?

— யாரு செய்யறீங்கன்னு கேட்டாங்க. எல்லாரும் திரும்பி என்னையே பார்த்தாங்க. கை தானா மேல போயிடுச்சு.

— சரி. இதுல நான் வேண்டாம்னு சொன்னா என்ன ஆகும்?

— 'வீட்டுல ஒத்துக்கல'ன்னு சொல்லிடலாம்.

— ஓஹோ... இதுக்கு முன்னாடி எத்தனை தடவை சொல்லியிருக்கீங்க, வீட்டுல ஒத்துக்கலன்னு?

— அது... எப்பவாவது.

— எப்பவாவது.

— அடிக்கடி.

— அதான்! உங்க குழுவுல ஒரு பேங்க் அம்மா இருக்காங்களே, அவங்க என்னை மார்க்கெட்ல வழி மறிச்சு, 'பாவம்மா அவரு, எவ்வளவு திறமைசாலி, கொஞ்சம் விட்டுக் குடுங்களேன்'ன்னாங்க. நான் காய்கறிப் பையோட பேந்தப் பேந்த முழிச்சேன்.

— திறமைசாலின்னா சொன்னாங்க?

— அது மட்டும் காதுல விழுது பாருங்க! கத்திரிக்கோலோட பெட்டிக்குக் காவல் நிக்கற ராட்சசின்னு ஊர் பூரா பரப்பி வச்சிருக்கீங்க என்னை.

— ராட்சசின்னெல்லாம் சொல்லல.

— பின்ன?

— கொஞ்சம்... கண்டிப்புன்னு.

— வீட்டுக்கு வந்து அழுதேங்க நான். நீங்க உள்ள சீட்டு விளையாடிக்கிட்டிருந்தீங்க.

— ...அழுதியா?

— ஆமா. எவ்வளவு அவமானமா இருந்துச்சு தெரியுமா?

— தப்பு தான். பெரிய தப்பு.

— ஏன் அப்படிச் சொன்னீங்க?

— விடேன்.

— விட மாட்டேன். சொல்லுங்க.

— ...எனக்கு மாத்தத் தெரியாது.

— ம்.

— குருவியை நான் போடல. அதுக்கு முன்னாடி இருந்ததையும் நான் போடல. நீ துணி எடுக்கப் போற நாளாப் பார்த்து, பெட்டியைப் போர்வையில சுத்தி ரிப்பேர் கடைக்குத் தூக்கிட்டுப் போவேன். அவர் போட்டுக் குடுப்பார். நீ திரும்பி வர்றதுக்குள்ள கொண்டு வந்து வச்சுட்டு, வேர்த்து விறுவிறுத்து அது முன்னாடி உக்காந்திருப்பேன்.

— அப்ப அது பெட்டி தூக்கின வேர்வையா?

— ஆமா.

— ஐயோ பாவம், மூளையைக் கசக்கியிருக்காரேன்னு நான் விசிறி விட்டேனே!

— விட்டே. நல்லா இருந்துச்சு.

— பேசாம இருங்க... குழுவுல இது யாருக்கும் தெரியாதா?

— தெரியாது. நான் நல்லாப் பேசுவேன். நாலு நாள் படிச்சுட்டுப் போய்ப் பேசுவேன். கை வைக்கணும்னா தான் பயம். எதையாவது தப்பா அமுக்கி, உன் வேலையெல்லாம் போயிடுச்சுன்னா...

— தெரியாதுன்னு முதல் நாளே சொல்லியிருக்கலாமே.

— சொல்லியிருக்கலாம்... காலம் பூரா வீடு வீடாப் போய் மீட்டர் பார்த்தேன். ஒருத்தராவது என் பேரைக் கேட்டிருப்பாங்களா? 'மீட்டர்காரர் வந்திருக்கார், நாயைக் கட்டு.' அவ்வளவு தான். நாய்க்குத் தான் என்னை அடையாளம் தெரியும். இங்க நான் உள்ள நுழைஞ்சா நாற்காலியை இழுத்துப் போட்டு, 'வாங்க மாஸ்டர்'ங்கறாங்க. அதை விட்டுட மனசு வரல.

— ...இந்தாங்க. தண்ணி குடிங்க.

— உனக்குக் கோபம் இல்லையா?

— இருக்கு. முதல்ல குடிங்க, அப்புறம் கோபப்படறேன்.

— ம்... நீ ஆச்சரியப்படவே இல்லையே?

— கடை விஷயம் எனக்கு முன்னாடியே தெரியும்.

— எப்படி?

— அதே ரிப்பேர் கடைக்குத் தான் பிரிண்டருக்கு மை வாங்கப் போனேன். 'சார் பெட்டியைத் தூக்கிட்டு வந்து நாளாச்சே, உடம்புக்கு ஒண்ணுமில்லையே'ன்னு கடைக்காரர் விசாரிச்சார்.

— அடிப்பாவி! தெரிஞ்சுக்கிட்டேவா இவ்வளவு நேரம் என்னை ஆட்டி வச்சே?

— ஆமா. உங்க வாயால வரட்டும்னு தான். நீங்களாச் சொன்னா தானே நான் ராட்சசி இல்லைன்னு ஆகும்.

— சொல்லிட்டேன்.

— என்கிட்ட சொன்னீங்க. அவங்ககிட்ட?

— ...சரி. முடிவா ஒண்ணு சொல்றேன் கேளு. ஞாயித்துக்கிழமை போறேன். எந்திரிச்சு நின்னு, வீட்டுல ஒத்துக்கலன்னு சொன்னதெல்லாம் பொய், எனக்குத் தான் மாத்தத் தெரியாதுன்னு சொல்லிடறேன். மாஸ்டர் பட்டமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்.

— அந்த பேங்க் அம்மா முன்னாடியா?

— அவங்க முன்னாடி தான். முதல் வரிசையில உக்காந்திருப்பாங்க.

— நெஜமாச் சொல்வீங்களா?

— நெஜமா. உன்னை அழ வச்சுட்டு எனக்கு என்ன பட்டம்?

— ...போதும், என்னை மறுபடி அழ வைக்காதீங்க.

— ஆமையும் வேண்டாம். நம்ம குருவியே போதும். ஒரு வாரமா என்ன ஓட்டம் ஓடுது! அதைப் போய் வம்படியா எதுக்கு மாத்தணும்? கூட்டத்துல அதையும் சொல்லத் தான் போறேன். சும்மா ஆமை ஆமைன்னு அலையாதீங்க, எங்க வீட்டுக் குருவிக்குக் கிட்ட வராதுன்னு.

— ஏங்க... அதை மட்டும் சொல்லிடாதீங்க.

— ஏன்? அது தான் நான் கண்ணால பார்த்த உண்மை.

— போன வாரம் நீங்க உங்க தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தப்ப, பாதி அச்சுல குருவி நின்னு போச்சுங்க. மறுநாள் துணி குடுத்தாகணும், என்ன செய்யறது? கடைக்காரர்கிட்ட போன்ல கேட்டுக் கேட்டு நானே ஆமைக்கு மாத்திட்டேன். உங்க மனசு கஷ்டப்படுமேன்னு திறந்ததும் வர்ற அந்தக் குருவி படத்தை மட்டும் பழையபடி வச்சேன். ஞாயித்துக்கிழமை பெட்டியைத் தூக்கிட்டு வாங்க, அது உங்களுக்கு நல்லா வரும். நீங்க பேசுங்க, நான் முதல்லருந்து போட்டுக் காட்டறேன்... யாராவது கேட்டா, வீட்டுல ஒத்துக்கிட்டாங்கன்னு சொல்லுங்க.