முகத்தை மறைத்த துணிக்கடைப் பை

பிள்ளைகளே, திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். எனக்கு முன் சீட்டில் இரண்டு கல்லூரிப் பெண்கள்.

"என்னைய மறைச்சுக்கிட்டு உக்காருடி" என்றாள் ஜன்னலோரத்தில் இருந்தவள்.

"ஏன்டி?"

"டிரைவருக்குப் பின்னாடி எங்க மாமா இருக்காரு. ஸ்பெஷல் கிளாஸுன்னு சொல்லிட்டு வந்தேன். திருச்சிக்கு வந்தது தெரிஞ்சா அப்பா காலேஜையே நிறுத்திருவாரு."

"இங்கிட்டு திரும்புறாருடி!"

மடியிலிருந்த பெரிய துணிக்கடைப் பையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"நீ என்னமோ திருடிட்டு வந்தவ மாதிரி இருக்கடி."

"சிரிக்காதடி, அவரு பாத்துரப் போறாரு."

கீரனூரில் மாமா இறங்கினார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அப்பாடா, தப்பிச்சேன்!"

கூட்டத்தைத் தாண்டி கண்டக்டர் அப்போதுதான் பின்னால் வந்தார். அவள் பணத்தை நீட்டினாள்.

"புதுக்கோட்டை ரெண்டு."

"ஒங்களுக்கு எடுத்தாச்சும்மா. இப்ப எறங்குனாரே, அவருதான் எடுத்தாரு."

நீட்டிய பணத்தை அவள் மெல்ல மடக்கிக்கொண்டாள்.

"அந்தப் பைய மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோக வேணாம்னு சொல்லச் சொன்னாரு. திருச்சிக் கடைப் பேரு அவரு சீட்டு வரைக்கும் தெரிஞ்சுச்சாம்."

புதுச் சுடிதாரைத் தோள்பைக்குள் திணித்துவிட்டு, அந்தப் பையை அவள் சின்னதாக மடித்தாள். அதைத் தோழியிடம் கொடுத்தாள்.