பொத்தான் மாளிகையில் ஒரு பொய்ச் சாவு

அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை. மாலை ஆறு மணி தாண்டியதுமே இருட்டு. ஆற்றோரச் சாலையில் முன்னாலும் வண்டி இல்லை, பின்னாலும் இல்லை. ஆர்லன் ஓட்டுகிறான். பக்கத்தில் அவனுடைய பெரியம்மா வெர்னா, தலை முதல் கால் வரை கறுப்பு உடையில். மடியில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா...

அந்த ஹீட்டரைக் குடிசை நடுவில் தள்ளு, கர்ட். பனிக்கட்டியில் எத்தனை ஓட்டை போட்டாலும் மீன் இன்றைக்குக் கடிக்காது. பனிக்கட்டிக்கு அடியில் முனகுவது ஆறுதான், வேறொன்றுமில்லை. ஆர்லன் என்னோடு தீயணைப்புப் படையில் இருந்தவன். அவன் சொன்னதைத்தான் சொல்கிறேன்.

இருவரும் போனது நம் பொத்தான் மாளிகைக்கு. ஆற்றுச் சிப்பியில் சட்டைப் பொத்தான் அறுத்துப் பணக்காரரான தார்ன்டைக் என்பவர் கட்டியது. கோபுரம், வண்ணக் கண்ணாடி, வேலைக்காரர்களுக்குத் தனி மாடிப்படி. தொழில் படுத்ததும் கலிஃபோர்னியாவுக்கு ஓடியவர், அங்கேயே ஏதோ விடுதியில் செத்துப்போனார். அப்புறம் அந்த வீடு நெடுநாள் ஊர் ஆஸ்பத்திரி. நம்மில் பாதிப் பேர் அங்கே பிறந்தவர்கள்தான். அப்புறம் பல் டாக்டர். அப்புறம் புறாக்கள். கடைசியில் வரலாற்றுச் சங்கம் வாங்கியது. ஆஸ்பத்திரிப் பச்சைச் சாயத்தைச் சுரண்டித் தள்ளி, வீட்டை அது கட்டப்பட்ட 1889-க்குத் திருப்பிவிட்டார்கள். வாசலில் பித்தளைப் பலகை வேறு. அதில் தார்ன்டைக்கின் நாய்க்குக்கூடப் பெயர் உண்டு. ஆஸ்பத்திரிக்கு ஒரு வரி இல்லை.

"அதெல்லாம் வரலாறு இல்லப்பா, வாடகைக் குடித்தனம்" என்பார் சங்கத் தலைவி லெனோரா ப்ரூயிட் அம்மையார்.

வருஷா வருஷம் தார்ன்டைக்குக்குப் பொய்ச் சாவுச் சடங்கு நடத்துவார்கள், தெரியுமே. டிக்கெட் போட்டு. அந்தக் காலத்துத் துக்க வழக்கப்படி நிலைக்கண்ணாடிகளுக்குக் கறுப்புத் துணி, நிறுத்திவைத்த கடிகாரம், முன்கூடத்தில் நிஜமான சவப்பெட்டி. உள்ளே கனத்துக்காக, பனி உருகச் சாலையில் தூவும் உப்பு, இரண்டு மூட்டை. தூக்கி வீட்டைச் சுற்றி வரத் தீயணைப்புப் படையிலிருந்து ஆறு பேர், ஆர்லனும் அதில் ஒருவன். அந்த வருஷம் வெர்னாவுக்கு விதவை வேஷம்.

அவர் அதற்காக வரவில்லை. அந்த முன்கூடம் பிரசவ அறையாக இருந்த காலத்தில், இளம் வயதில், அவருக்கு அங்கே ஒரு குழந்தை பிறந்தது. அழவில்லை. துணியில் சுற்றி எடுத்துப் போய்விட்டார்கள். பார்க்காமல் இருப்பதே நல்லது என்றார்கள். எங்கே புதைத்தார்கள் என்றும் சொல்லவில்லை. "முடி என்ன நிறம்?" என்று மட்டும் கேட்டாராம். நர்ஸ் விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டாள். அதற்கு மேல் அவருக்குக் குழந்தையும் இல்லை, பதிலும் இல்லை.

அன்று மாலை முன்கூடத்தில் சவப்பெட்டி அருகே நின்று பிஸ்கட் டப்பாவைத் திறந்தார். வெள்ளைக் கம்பளியில் நாடா வைத்த ஒரு கைக்குழந்தைத் தொப்பி. குழந்தை வயிற்றில் இருந்தபோது பின்னியது.

"லெனோரா, இதை மட்டும் பெட்டிக்குள்ள வெக்கட்டுமா? யாருக்கும் தெரியாது."

ப்ரூயிட் அம்மையார் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "இது ஐம்பத்தொண்ணுல பின்னினது, வெர்னா. நம்ம வீடு ஆயிரத்தெண்ணூத்தி எண்பத்தொம்போது."

"எம் புள்ளைக்கு ஒரு சாவுகூட நடக்கலையே, லெனோரா..."

"போன வருஷம் ஒருத்தன் கைக்கடிகாரத்தோட வந்து நின்னான். அந்தக் காலத்துல ஏது கைக்கடிகாரம்னு எத்தனை பேர் கேட்டாங்க தெரியுமா?"

அம்மையார் அந்தப் பக்கம் போனதும் ஆர்லன் கிசுகிசுத்தான். "குடுங்க பெரியம்மா, நான் பாத்துக்கறேன்." தொப்பியை உப்பு மூட்டைக்கு அடியில் செருகி, பெட்டியை மூடினான். தொப்பியின் நாடா இரண்டும் அவிழ்ந்தே கிடந்தன. நன்றாக ஞாபகம் இருக்கிறது என்றான்.

ஆறு பேரும் குனிந்து தூக்கினார்கள்... பெட்டி தானாக மேலே வந்தது. கனமே இல்லை.

"ஏய், மூட்டைய எவன்டா எடுத்தது?" என்றான் பின்னால் நின்ற ரூடி.

எவனும் எடுக்கவில்லை. வாசற்படி தாண்டும்போது மயக்க மருந்து வாடை. கூடவே காய்ச்சிய பால் வாடை. அப்புறம் ஆர்லனின் தோளில், பலகைக்கு உள்ளிருந்து... டொக். சின்னதாக. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. குட்டிக் குதிகால் உதைக்கிற மாதிரி.

பின்னால் வெர்னா அழ ஆரம்பித்தார். அடிவயிற்றிலிருந்து வந்த அழுகை. புல்வெளியில் நின்ற கூட்டம் கைதட்டியது.

"ஒத்திகையே பாக்காம என்னமாப் பண்றா பாருங்க!" என்று பக்கத்தில் நின்றவரிடம் பூரித்தார் அம்மையார்.

சுற்றி வந்து பெட்டியை முன்கூடத்தில் இறக்கினார்கள். ஆர்லன் மூடியைத் திறந்தான். உப்பு மூட்டை இரண்டும் வைத்தபடியே இருந்தன. தொப்பி மட்டும் தலையணைமேல் ஏறியிருந்தது. உள்ளே தலை இருப்பதுபோல உருண்டையாக உப்பியிருந்தது. நாடாவில் சின்னதாக ஒரு பூமுடிச்சு.

அம்மையார் எட்டிப் பார்த்தார். "அய்யோ, அதை முதல்ல எடு. படம் எடுக்கப் போறாங்க."

வெர்னாதான் எடுத்தார். முடிச்சை அவிழ்க்கவில்லை. ஓரமாக விரலை விட்டுத் தடவித் தடவிப் பார்த்தார். எதையோ இரண்டு விரலால் பிடித்து விளக்கருகே கொண்டுபோனார்.

"செம்பட்டை," என்றார். "அவங்கப்பா மாதிரி."

ஆர்லனும் தொட்டுப் பார்த்தானாம். ஒரேயொரு முடி, பூனை மயிர் மாதிரி. இன்னும் ஈரமாக இருந்தது... வெதுவெதுவென்று.