பைக்குள் ஒரு நீலப் பொத்தான்

சொல்லின் பிறப்பையும் இறப்பையும் ஒரே முகத்தோடு ஏற்ற சொற்கணக்கின் செல்வியே! தோன்றிய காரணத்தையெல்லாம் தூக்கிப் பிடிக்காமல் துருவித் துருவிக் கேட்ட துணிவின் துணையே! அகராதி அலுவலகத்தில் சொற்கணக்குப் பிரிவைத் தோற்றுவித்து, முப்பத்து மூன்று ஆண்டுகள் அதைத் தாங்கி நின்று, இன்று பணிநிறைவு காணும் பெருமாட்டியே! தங்கள் தாளாண்மைக்கும் தளராமைக்கும் தலைவணங்கி, அலுவலர் அனைவரும் அன்புடன் படைக்கும் மடல் இது.

இதற்கு மேலும் 'தாங்கள்' என்று எழுதினால், யாரையோ சொல்கிறார்கள் என்று பின்னால் திரும்பிப் பார்ப்பீர்கள். ஆகவே, அக்கா, மேலே உள்ள பத்தி சுவரில் மாட்டிய பிறகு வருகிறவர் போகிறவர் படிப்பதற்கு. கீழே வருவது உங்களுக்கு.

உங்கள் கணவர், எங்களுக்கு மாமா, தையற்கடை வைத்திருந்தார். கடையில் மிஞ்சிய பொத்தான்களை ஒரு துணிப்பையில் போட்டு அவர் கொடுத்தனுப்ப, அந்தப் பைக்கு நீங்கள் இந்த அலுவலகத்தில் எங்கள் எல்லோரையும்விடப் பெரிய பதவியைத் தந்தீர்கள். ஒரு சொல் ஏன் மங்கியது என்று எவர் காரணம் எழுதினாலும், அவர் முதலில் பையில் கைவிட வேண்டும் என்பது உங்கள் சட்டம். முதன்மைப் பதிப்பாசிரியருக்கும் அதில் விலக்கில்லை. 'விளக்குமாறு' குறைந்து 'துடைப்பம்' பெருகுவதாகக் கண்ட அவர், மக்களின் நாச்சோம்பலே அதற்குக் காரணம் என்று பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டு வந்தார். கறுப்பும் வெள்ளையும் சமமாகப் போட்டுப் பையை அவர் முன் வைத்தீர்கள். பார்க்காமல் ஒன்றை எடுத்து, அதையும் அதே நிறத்தில் இன்னொன்றையும் உள்ளே போட வேண்டும்; பிறகு பார்க்காமலே ஒன்றை எடுத்து வெளியே வைத்துவிட வேண்டும். பொத்தான் ஓர் ஆள், நிறம் அவர் சொல்லும் சொல்; ஒருவர் பேசுவதைக் கேட்டு இன்னொருவர் பேசுவதும், பேசிக்கொண்டிருந்த ஒருவர் போய்ச் சேர்வதும் இவ்வளவுதான் என்றீர்கள். அவரும் விடாக்கண்டர், மதியம் முழுக்க எடுத்தார், போட்டார். கடைசியில் பைக்குள் கறுப்பைத் தவிர வேறில்லை.

"சார், இதுல எந்தப் பொத்தான் சோம்பேறி?" என்று கேட்டீர்கள்.

அவர் எழுதியதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இன்று மேடையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறார் என்பதால் துணிந்து எழுதுகிறோம். அன்று முதல் நம் அகராதியில் 'காரணம் தெரியவில்லை' என்னும் தொடர் வெட்கமில்லாமல் இடம்பெறுகிறது.

"அப்போ எல்லாமே குலுக்கல்தானாக்கா?" என்று தட்டச்சர் ஒருநாள் வருத்தமாகக் கேட்டார். "அப்படிச் சொல்லல. பை காட்டுறதைவிட வேகமா ஒரு சொல்லு விழுந்தா, அப்பத் தேடுங்க காரணத்தை. அதுவரைக்கும் யார் மேலயும் பழி போடாதீங்க," என்றீர்கள். வா, போ, தா என்பவை வருகிறேன், வந்தேன் என்றெல்லாம் விதிக்கு அடங்காமல் உருமாறும் தங்கள் பழைய கோணல்மாணல்களை இன்னும் வைத்திருப்பது அவை நாள் முழுக்க எல்லார் வாயிலும் புழங்குவதால்தான் என்றும், எப்போதோ ஒருமுறை நாவுக்கு வரும் சொல்லுக்கே கண்டம் அதிகம் என்றும் அன்று விளக்கினீர்கள். நிகழ்தகவு என்றால் தலைதெறிக்க ஓடிய எங்களுக்கு அது புரிந்தது.

பிறகு மாமாவுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு போயிற்று. போன ஆண்டு அவரும் போனார்.

நீங்கள் வேலைக்குத் திரும்பிய முதல் மாலை, எல்லோரும் விடைபெற்றுக்கொண்டு படிக்கட்டுக் கதவருகே வந்தும் யாருக்கும் இறங்க மனம் வரவில்லை. "போறேன்" என்று சொல்லிவிட்டும் நின்று பேசிக்கொண்டே இருந்தோம். அப்போதுதான் சொன்னீர்கள். துணியை வாங்கிக்கொண்டு, கூலியும் கொடுத்துவிட்டு, கடை வாசலிலேயே நின்று வளவளவென்று பேசும் வாடிக்கையாளர்களின் அந்தப் பேச்சுக்கு மாமா ஒரு பெயர் வைத்திருந்தாராம்: வாசக்கொசுறு. அவர்கள் மனம் புண்படுமே என்று கடையில் சொல்லமாட்டார். வீட்டில் உங்களிடம் மட்டும் சொல்வார்.

"இந்தச் சொல்லைப் பேசுறதுக்கு ரெண்டு பேர் இருந்தோம். இப்ப நான் ஒருத்திதான். பைக்குள்ள ஒரே ஒரு நீலப் பொத்தான்னு வெச்சுக்கங்க," என்றீர்கள். அது பெரும்பாலும் எங்கே போய் முடியும் என்று எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவரே நீங்கள்தானே, அக்கா.

மனம் கேட்காமல் அந்தச் சொல்லை அடுத்த பதிப்பில் நைசாகச் செருகிவிட்டோம். மெய்ப்பில் கண்டுபிடித்து, சிவப்பு மையால் அடித்தீர்கள். "சிபாரிசுல எந்தச் சொல்லும் உள்ள வரக்கூடாது. அவர் சொல்லா இருந்தாலும்தான். எனக்காக அதைப் பேச்சுல புழங்கவும் செய்யாதீங்க. பாவம் பார்த்துப் போடுற பொத்தான் கணக்குல சேராது." அன்று உங்கள் மேல் எங்களுக்கு வந்த கோபத்தை இன்றுதான் சொல்கிறோம்: இவ்வளவு நேர்மை எதற்கு என்று கழிப்பறையில் போய் அழுதவர்களும் உண்டு.

ஆனாலும் அந்தச் சொல்லைப் பேசினோம். உங்களுக்காக அல்ல. கதவருகே தினமும் நிற்கிறோம், நிற்பதற்கு வேறு பெயரில்லை, என்ன செய்வது? கணக்கர் தம் மனைவியிடம் தாமதத்துக்குச் சாக்காகச் சொன்னார். தட்டச்சர் தம் தங்கையிடம் தொலைபேசியில் சொன்னார். நீங்கள் அறைக்குள் இருக்கும்போது மட்டும் நாக்கைக் கடித்துக்கொண்டோம்.

சென்ற வாரம் ஓய்வூதிய வேலையாக நீங்கள் வெளியே போயிருந்தீர்கள். நகலெடுக்கும் இயந்திரத்தைப் பழுதுபார்க்க ஒருவர் வந்தார். இந்தக் கட்டடத்துக்கே அவர் புதியவர். வேலை முடிந்து, "வரேங்க" என்று சொல்லிவிட்டு, கதவில் சாய்ந்தபடி இயந்திரத்தின் வயதைப் பற்றி ஒரு பாட்டம் பேசினார். அவருடைய தொலைபேசி ஒலித்தது. வீட்டிலிருந்து.

"இதோ கிளம்பிட்டேன்மா. வேலை அப்பவே முடிஞ்சிருச்சு, வாசக்கொசுறுதான் ஓடிட்டிருக்கு," என்றார்.

எங்களில் ஒருவர் கையிலிருந்த தேநீர்க் கோப்பை சாய்ந்தது. எங்கே கற்றீர்கள் என்று எல்லோரும் அவரைச் சூழ்ந்துகொள்ள, மனிதர் மிரண்டுபோனார். "எங்க வீட்ல பசங்க சொல்லுவாங்க. ஏங்க, தப்பான வார்த்தையா?"

உங்கள் கேள்விகள் எங்களுக்குத் தெரியும், அக்கா. எங்கள் வாயிலிருந்து கிளம்பி, ஊரைச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்ததா? கடையில் மாமா என்றைக்காவது வாய்தவறிச் சொல்லிவிட்டாரா? கொசுறும் வாசலும் எல்லார் வீட்டிலும் இருப்பவைதானே, வேறொருவர் மனத்தில் தானாகவே மறுபடி பிறந்ததா? மூன்றுக்கும் வாய்ப்பு உண்டு. எது என்று சொல்ல எங்களிடம் சான்று இல்லை. அந்தப் பிள்ளைகளுக்கு உங்களைத் தெரியாது, மாமாவைத் தெரியாது, யாருக்காகவும் பாவம் பார்க்கவும் தெரியாது என்பது மட்டும் உறுதி. கணக்கில் சேரும் பொத்தான் அது.

அகராதியில் சேர்க்கவில்லை, ஒரு வீட்டுச் சான்று போதாது என்பது உங்கள் சட்டம். காத்திருக்கும் சொற்களின் தட்டில் வைத்திருக்கிறோம். எதிரே எழுதியிருப்பது: 'பரவிய வழி தெரியவில்லை.'

இயற்றமிழின் எண்ணறிந்த எங்கள் அக்காவே! நோயணுகா உடலும், ஓயாத ஐயமும், ஒளி குன்றாக் கண்ணும், உறவு சூழ்ந்த வீடும் பெற்று நெடிது வாழ்க! பையை நீங்களே எடுத்துச் செல்லுங்கள். அதில் இன்று காலை நாங்கள் ஒரு நீலப் பொத்தானை மட்டும் சேர்த்திருக்கிறோம், அந்தப் பிள்ளைகளுடையது. எங்களுடையவற்றை நீங்கள் ஒப்புக்கொள்ள மாட்டீர்கள் என்பதால் சேர்க்கவில்லை.

மடல் முடிந்துவிட்டது. மாலையும் மரியாதையும் முடிந்ததும் படிக்கட்டுக் கதவு வரை எல்லோரும் வருவோம். அங்கே நின்று, இருட்டும் வரை, வாசக்கொசுறு வாங்காமல் உங்களை விடுவதாக இல்லை.

என்றும் அன்புடன்,
அகராதி அலுவலகத்தின் அலுவலர்கள் அனைவரும்