கல்வாழைக் குழி

பிள்ளைகளே, கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். காதில் விழுந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"சாக்கடைத் தண்ணி பன்னீராட்டம் இருந்துச்சிக்கா. அதான் எம்பொண்ணு குடிச்சிட்டா" என்றாள் இளையவள்.

"சாக்கடைத் தண்ணியா?" என்று திரும்பினாள் மூத்தவள்.

"ஊர்ச் சாக்கடைக்குக் குழி வெட்டி, கல்வாழை நட்டிருக்கோம். அதுல வடிஞ்சி, தெளிஞ்சி, தோட்டத்துக்குப் போவுது. பாக்க வர்றவங்களுக்கெல்லாம் எங்கூட்டுக்காரரு கண்ணாடி டம்ளர்ல மோந்து காட்டுவாரு, மாப்பிள்ளை ஊட்டுக்காரங்களுக்குக் கலர் குடுக்கிறாப்புல!"

"குடிக்கக் கூடாதுன்னு சொல்லலியா?"

"வந்தவங்களுக்குச் சொன்னாரு. டம்ளர்ல இருந்தா குடிக்கத்தான்னு கொழந்த நெனச்சிட்டா. வயித்தால போயி, ஆஸ்பத்திரி சேர்றதுக்குள்ள முடிஞ்சிடுச்சி."

மூத்தவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சூளகிரி தாண்டியதும் கேட்டாள்:

"அந்தக் குழிய இன்னுமா வெச்சிருக்கீங்க?"

"மூடுறேன்னு அவரு மம்முட்டியத் தூக்கிட்டுப் போனாரு. நாந்தான் குறுக்க நின்னேன். மூடிட்டா சாக்கடை பழையபடி ஊர்க் கெணத்துல எறங்கும். மத்த புள்ளைங்க அந்தக் கெணத்துத் தண்ணியத்தானக்கா குடிக்குது?"