காந்தப் படமும் பெண் பார்க்க வந்தவர்களும்

யுத்த காலம். அரியலூரில் மண்ணெண்ணெய் வாங்க வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு டிராயிங் மாஸ்டரின் மனைவி, பக்கத்து வீட்டுக்காரியிடம் பொருமிக்கொண்டிருந்தாள்.

"பொண்ணு பாக்க வந்தவங்க, சுவத்துல இருந்த படத்தைக் காட்டி என்னன்னு கேட்டாங்கக்கா."

"என்ன படம்?"

"எங்க வீட்டுக்காரரு கோந்து பூசின காகிதத்துக்கு அடியில காந்தத்தை வச்சு, மேல இரும்புத்தூளைத் தூவுவாரு. சுழிசுழியா ஒட்டிக்கும். அதான் படமாம். 'கண்ணுக்குத் தெரியாத சக்தி'ன்னாரு. சக்தின்னதும் மாப்பிள்ளையோட அம்மா அதுக்குக் குங்குமம் வச்சுட்டாங்க."

"நல்லதுதானே?"

"படத்தைக் கெடுத்துட்டீங்களேன்னு கத்திட்டாரு. காப்பிகூடக் குடிக்காமப் போயிட்டாங்க. இரும்பை இழுக்கத் தெரியுது, ஒரு மாப்பிள்ளையைப் புடிச்சு நிறுத்தத் தெரியல."

"பொண்ணு அழுவுதா?"

"அவளா? அப்பனும் மவளுமா ஒக்காந்து குங்குமத்தைச் சொரண்டிக்கிட்டு இருக்காங்க."