மாப்பிள்ளை வீட்டு டிரிப்பர்

உங்கள் ஸ்டேஷன் மின்விசிறி சுற்றுகிற லட்சணத்தைப் பார்த்தால் கண்டென்சர் போய்விட்டது போலிருக்கிறது. யாரையாவது விட்டு மாற்றச் சொல்லுங்கள் ஐயா, சின்ன வேலைதான். நல்ல கம்பெனிச் சரக்காகப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.

என் தங்கை குளியலறையில் மின்சாரம் தாக்கி இறந்தது எப்படி என்று கேட்டீர்கள். சொல்கிறேன். ஆனால் அவள் புருஷனிடமிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்குப் புரியும்.

கல்யாணமான புதிதில் வேலையில்லாமல் நின்றவரை என் ஒயரிங் தொழிலில் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டேன். நான் சுவரில் வேலை பார்ப்பேன், மாப்பிள்ளை பேச்சில் வேலை பார்ப்பார். நன்றாகத்தான் ஒத்துப்போயிற்று. பிறகு அவர் துறைமுகத்துப் பக்கம் போய்வர ஆரம்பித்தார். கப்பலில் வந்த டிரிப்பர்கள் பெட்டி பெட்டியாக இறங்கின. மேலே நல்ல கம்பெனியின் பெயர் அச்சு அசலாக இருக்கும். விலை பாதிக்கும் கீழே.

ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். கரண்ட் கசிந்தால் தானே விழுந்து உயிரைக் காப்பாற்ற வேண்டியதுதான் டிரிப்பர். இதில் அதற்கான சுருளே இல்லை. டெஸ்ட் பொத்தானை அமுக்கினால் ஒரு ஸ்பிரிங் விசையைத் தள்ளிவிடும், அவ்வளவுதான். வீட்டுக்காரர்கள் அமுக்கிப் பார்த்து, டக்கென்று விழுந்ததும் குளிர்ந்துபோவார்கள்.

"இது பொம்மை மாப்பிள்ளே. நான் இதைப் போட மாட்டேன்" என்றேன்.

"உள்ள இருக்கறத யாரு மச்சான் பிரிச்சுப் பாக்கப் போறா?" என்று சிரித்தார்.

கொஞ்ச நாளில் தனிக்கடை போட்டார். என் வாடிக்கைக்காரர்களை ஒவ்வொருவராகத் தள்ளிக்கொண்டு போனார். அதைக்கூடப் பொறுத்திருப்பேன். நான் போடுவதுதான் டூப்ளிகேட் என்றும், அது பிடிக்காமல்தான் பிரிந்துவந்ததாகவும் போகிற இடமெல்லாம் சொல்லிவைத்தார். கூடப் பிறந்தவளே என்னிடம் வந்து, "ஏண்ணே இப்படிப் பண்ணினே? அவர் மானமே போச்சு" என்று கேட்டாள். அன்றைக்கு எனக்கு நெஞ்சு வெந்துபோனது. அவளாவது என்னை அறிவாள் என்று நினைத்திருந்தேன்.

பிறகு மாப்பிள்ளை வீடு கட்டினார். ஒயரிங்குக்கு யாரைக் கூப்பிட்டார் தெரியுமா?

"என் வீட்டுக்கு மட்டும் நீங்கதான் மச்சான் பண்ணணும். சரக்கும் நீங்களே பாத்து வாங்கிடுங்க. உங்க கைன்னா நான் செக் பண்ணவே வேணாம்."

மற்றவர்களுக்கெல்லாம் பொம்மை, அவர் வீட்டுக்கு மட்டும் அசல். எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஓர் ஆளை அனுப்பி அவர் கடையிலேயே டிரிப்பர் வாங்கினேன். மாட்டி முடித்ததும் மாப்பிள்ளை வந்து பொத்தானை அமுக்கினார். டக்கென்று விழுந்தது. தன் சரக்கைத் தானே தடவிப் பார்த்து, "அசல் அசல்தான் மச்சான்" என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் டிரிப்பர் விழாவிட்டாலும் எர்த் ஒயர் ஆளைக் காப்பாற்றிவிடக்கூடும். ஆகவே குளியலறை எர்த்தை இணைக்காமல் சுவருக்குள் மடக்கிவைத்துப் பூசச் சொல்லிவிட்டேன்.

போன வாரம் ஹீட்டர் சரியாகச் சுடவில்லை என்று தங்கை கூப்பிட்டாள். சாயங்காலம் போய், ஹீட்டருக்குள் தண்ணீரைச் சுடவைக்கும் கம்பிச்சுருளை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று மாட்டினேன். அதுவும் மாப்பிள்ளை கடையில் வாங்கியதுதான். அந்தச் சுருளின் உறையில் கீறல் விட்டிருந்தது. தண்ணீருக்குள் கரண்ட் இறங்கும் என்று தெரிந்துதான் மாட்டினேன். இப்போது போடாதே, காலையில் போட்டுக்கொள்ளலாம் என்று தங்கையிடம் சொன்னேன். அவள் டீ போட்டுக் கொடுத்தாள்.

"அன்னிக்கு உன்னைத் தப்பாப் பேசிட்டேண்ணே. மனசுல வச்சுக்காதே" என்றாள்.

டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

அந்த வீட்டில் விடிந்ததும் முதலில் குளிப்பவர் மாப்பிள்ளை. கல்யாணமான நாளிலிருந்து அதில் மாற்றமே இல்லை. அவருக்குப் பிறகு அன்றைக்கு வேறு யாரும் அங்கே குளிக்கப் போவதில்லை. அதையும் யோசித்துத்தான் செய்தேன். நான் கண்ணை மூடிக்கொண்டு எதையும் செய்கிறவன் இல்லை ஐயா.

ஆனால் அன்று இரவே அவர் சரக்கெடுக்க வெளியூர் போய்விட்டார். குடும்பத்தில் ஒருவர் வெளியூர் கிளம்பினால் மச்சானிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவதுதானே முறை? அந்த மரியாதையைக்கூட அவர் எனக்குத் தரவில்லை. எழுதிக்கொள்ளுங்கள், என் தங்கையைக் கொன்றது அவர்தான்.